வீட்டில்தானே இருக்கீங்க?

இந்தக் கேள்வியை இன்னொரு ஆள் கேட்டால் போனைத் தூக்கிச் சுவரில் அடித்துவிடுவேன் போலிருக்கிறது. ஆமாம், வீட்டில்தான் இருக்கிறேன். ஃப்ளூ காய்ச்சல் வந்து கிடக்கிறேன். உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது, படுத்தால் இடுப்பு விட்டுப்போகிறது, எழுந்தால் கால் பின்னுகிறது. இதற்கு என்னவோ லாட்டரி அடித்த மாதிரி, "நல்லா ரெஸ்ட் எடுங்க, கொடுத்து வச்சவங்க" என்று சொல்ல எப்படித்தான் வாய் வருகிறதோ!

ரெஸ்ட்டாம். காய்ச்சலில் கிடப்பவர் சும்மா கிடக்கவில்லை, உடம்பு உள்ளே ராப்பகலாக உழைக்கிறது. மூளையில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. உடம்பின் சூடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். வைரஸ் உள்ளே வந்ததும் எதிர்ப்புச் செல்கள் கிளப்பிவிடும் ரசாயனங்கள், 37 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டிய அளவை 39க்கு ஏற்றிவிடுகின்றன. அந்த அளவை எட்டும்வரை தசைகளை உலுக்கி உலுக்கிச் சூட்டை உண்டாக்க வேண்டும். உடம்பு அனலாகக் கொதிக்கும்போதே பல் தந்தியடிப்பது அதனால்தான். மாத்திரை போட்டால் சூடு இறங்கும், இறங்கும்போது வியர்த்துக் கொட்டும். ஒரு நடுராத்திரி, நனைந்த தலையணை உறையைக் கழற்றத் தெம்பில்லாமல் தலையணையைத் திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கமும் ஈரம். கைக்கு எட்டிய துண்டை மடித்து மேலே போட்டு அதில் தலையை வைத்தேன். விடிவதற்குள் அந்தத் துண்டையும் பிழியலாம் போல இருந்தது. நீங்கள் எல்லோரும் பொறாமைப்படும் ஓய்வு இதுதான்.

அப்புறம் ஆபீஸ். 2020-ல் கொரோனா வந்தபோது வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் பழகினோம். நல்ல விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தோடு சிக் லீவு என்ற ஒன்றுக்குச் சத்தமில்லாமல் காரியம் பண்ணிவிட்டார்கள். முன்பு ஆள் வரவில்லை என்றால் வரவில்லை, அவ்வளவுதான். இப்போது ஆள் வராவிட்டாலும் லேப்டாப் அவர் பக்கத்திலேயே இருக்கிறதே! "லீவு எடுத்துக்கோங்க, உடம்புதான் முக்கியம். அந்த ஒரு மீட்டிங் கால் மட்டும் ஜாயின் பண்ணிடுங்க. கேமரா ஆன் பண்ண வேண்டாம்." கேமரா வேண்டாமாம், அதுதான் எனக்குக் காட்டும் கருணை. அந்த ஒரு கால் முடிந்ததும் ஒரு சின்ன ஃபைல். ஃபைல் முடிந்ததும் ஒரே ஒரு சந்தேகம். எக்செல் கட்டங்கள் கண்ணுக்கு முன்னால் எறும்பாக ஊர்கின்றன, எதிர்முனையில் "செவன்த் காலம் பார்த்தீங்களா?" என்று கேட்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு அந்த நாள் முழு லீவாகத்தான் கணக்கில் கழிந்தது.

இந்தக் காய்ச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? அதே ஆபீஸிலிருந்துதான், வேறு எங்கும் நான் போகவே இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இருமிக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து வந்து உட்கார்ந்தார். வீட்டுக்குப் போங்க என்று ஒருத்தர் சொல்லவில்லை. "உடம்பு முடியலைன்னாலும் வந்திருக்கார் பாருங்க, இதான் டெடிகேஷன்" என்று மீட்டிங்கில் கைதட்டல் வேறு. ஃப்ளூ, அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரவும். உடம்பு சரியில்லாமல் போன முதல் மூன்று நாளில் வேகமாகப் பரவும். அந்த மூன்று நாளும் அவர் டெடிகேஷனோடு வந்தார். எங்கள் வரிசையில் பாதிப் பேர் படுத்தோம். படுத்தவர்களைப் பார்த்து மேனேஜர் கேட்கிறார், "என்ன, எல்லாரும் ஒரே நேரத்தில் லீவு போடுறீங்க?"

சாதாரண ஜுரம்தானே என்று ஒரு சொல் எல்லோர் நாக்கிலும் தயாராக இருக்கிறது. பருவம்தோறும் வரும் இந்தச் சாதாரண ஃப்ளூவின் சுவாசப் பாதிப்பால் மட்டும் உலகில் ஆண்டுக்கு 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர் வரை சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பெரும்பாலானவர்களுக்குத் தானாகச் சரியாகிவிடும், உண்மைதான். ஆனால் யாருக்குச் சரியாகும், யாருக்கு ஆகாது என்று இருமுகிறவருக்குத் தெரியுமா?

இதற்கு மேல் ஒரு கூத்து, மருத்துவச் சான்றிதழ். வீட்டைவிட்டு வெளியே போக முடியாத நிலையில் இருக்கிறேன் என்று நிரூபிக்க, நான் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும்! போனேன். காத்திருப்பு அறையில் எனக்கு இந்தப் பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பெரியவர், அந்தப் பக்கம் நிறைமாதக் கர்ப்பிணி, எதிரே கைக்குழந்தை. ஃப்ளூ யாருக்கெல்லாம் ஆபத்து என்று ஒரு பட்டியல் போட்டால் முதலில் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே அறையில். நடுவில் மாஸ்க்குக்குள் நான். இருமல் வரும்போதெல்லாம் எழுந்து வாசலுக்கு வெளியே போய் இருமிவிட்டு வந்தேன். திரும்பி வந்தால் நாற்காலியில் வேறொருவர். டாக்டர் தொண்டையைப் பார்த்தார், "வைரல்தான், வெளிய சுத்தாதீங்க" என்றார், கையெழுத்துப் போட்டார். வெளிய சுத்தாதீங்க! அப்புறம் தெரிந்தது, வேலைக்குத் திரும்பும்போது உடம்பு தேறிவிட்டது என்று இன்னொரு சான்றிதழ் வேண்டுமாம். அதற்கும் அதே அறையில் போய் உட்கார வேண்டும்.

போனில் வைத்தியம் சொல்பவர்களைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக்கைத் தருகிறேன் என்பவர்களுக்கு மட்டும் ஒன்று: அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது. மிச்சம் வைத்ததே தப்பு.

ஆனால் அந்தப் பார்சல் விஷயத்தை நினைத்தால் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து மெசேஜ்: "நீங்க வீட்லதானே இருக்கீங்க, எனக்கு ஒரு பார்சல் வரும், வாங்கி வச்சிருங்க." காய்ச்சல் என்று சொன்ன பிறகுதான் இந்த மெசேஜ். மணி அடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தால், பார்சல்காரர் ஓடிபி கேட்கிறார். அது பக்கத்து வீட்டுக்காரர் போனுக்கு அல்லவா வந்திருக்கும்! கூப்பிட்டால் அவர் எடுக்கவில்லை. நான் நிலைப்படியில் சாய்ந்து நிற்கிறேன், பார்சல்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்கிறார். பாவம், என் நிலையைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் அவர்தான். கடைசியில் ஓடிபி வந்தது, கூடவே "அப்படியே பிரிச்சு உடைஞ்சிருக்கான்னு பாருங்களேன்" என்று ஒரு குரல் பதிவும்.

எல்லாவற்றையும்விட மோசம் காய்ச்சல் விட்ட பிறகு வரும் நாட்கள். முகம் தெளிந்துவிடும், தெர்மாமீட்டர் நல்லபடியாகக் காட்டும். ஆனால் பல் துலக்கிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தால் மாடி ஏறின இரைப்பு. இருமலும் அசதியும் இரண்டு வாரத்துக்கு மேலும் இழுக்கும். அதை யாரிடம் சொல்வது? குரல் சரியாக இருந்தால் சந்தேகப்படுகிறார்கள். அதனால் போனை எடுக்கும் முன் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, "ஹலோ"வை இழுத்து, நடுவில் ஒரு இருமலையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. நிஜமாகவே முடியாதவன், முடியாதவன் மாதிரி நடிக்கிறேன்! நிஜ இருமல் வேறு, தேவைப்படும் நேரத்தில் வந்து தொலைப்பதில்லை.

சரி, கடைசியாகச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை போடாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் போக வேண்டும், உடம்பும் தேறிக்கொண்டு வர வேண்டும். அதன் பிறகுதான் வேலைக்கு வருவேன். அதுவரை கால் கிடையாது, சின்ன ஃபைல் கிடையாது, பார்சல் கிடையாது. நம்பிக்கை இல்லையா? சான்றிதழ் எதற்கு, மேனேஜரே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். மாஸ்க்கை மட்டும் நான் போடுவதாக இல்லை.