பணிக்கொடை பாக்கி இருக்கும்போது அமர்வுப்படி எதற்கு?

அரசு நிறுவனங்களில் மேலே இருப்பவர்களின் சம்பளத்தை வெட்டு, போர்டு உறுப்பினர்களுக்குக் கூட்டத்தில் உட்காருவதற்குக் கொடுக்கும் அமர்வுப்படியை நிறுத்து என்று யார் சொன்னாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. குன்னூரிலும் சரி, கூடலூர், பந்தலூர் பக்கமும் சரி, தேயிலை விலை சரியும்போதெல்லாம் இந்தப் பேச்சு கிளம்பும். எனக்கு அதில் பாதி உடன்பாடு. திட்டுகிறவர்கள் மீதியையும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

சம்பளத்தைப் பிடித்து வைத்தால் நஷ்டம் தீரும் என்பதை நான் நம்பவில்லை. ஊட்டி இந்து நகரில் இருந்த மத்திய அரசின் பிலிம் ஆலை எச்.பி.எஃப்.பை (இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்) பார்த்தவர்கள் நாம். 1967-ல் உற்பத்தி தொடங்கியது. கலர் பிலிம் காலத்தில் தடுமாறி, 1996-ல் நலிவடைந்த நிறுவனம் ஆனது. தொழிலாளிகள் வருஷக்கணக்கில் 1987 சம்பள விகிதத்திலேயே காலம் தள்ளினார்கள். ஆலை பிழைத்ததா? இல்லை.

அப்புறம், மாநில அரசு நிறுவனங்களில் எம்.டி. (நிர்வாக இயக்குநர்) என்பவர் பெரும்பாலும் பணிமாற்றலில் வரும் அதிகாரி. அரசு தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீக்கு ஐ.எஃப்.எஸ். (வனப்பணி) அதிகாரி, கூட்டுறவு தேயிலை ஆலைகளின் இணையமான இன்கோசர்வுக்கு ஐ.ஏ.எஸ். அவர்களுடைய சம்பளம் அவர்கள் சர்வீஸ் விதிப்படி வருவது. தனியார் கம்பெனி முதலாளி வாங்குகிற கோடிகள் அங்கே இல்லை. அதை வெட்டு என்று கோஷம் போடுவது கைதட்டலுக்கு ஆகும், வேறு எதற்கும் ஆகாது.

என் சண்டை வரிசையைப் பற்றியது. கையில் காசு குறைந்தால் யாருடைய பணம் முதலில் நிற்கிறது? 2020-ல் கொரோனா வந்தபோது எம்.பி.க்கள் சம்பளத்தில் 30 சதவீதத்தை ஒரு வருஷத்துக்குக் குறைத்தார்கள். அதனால் கஜானா நிறைந்துவிடவில்லை, ஆனால் வெட்டு மேலே இருந்து ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்து லைனில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், ஒரு அக்கா. எஸ்டேட் பெயர் வேண்டாம். ரிட்டையர் ஆகி வருஷம் திரும்பிவிட்டது, பணிக்கொடை (கிராஜுவிட்டி) வரவில்லை. லைன் வீட்டைக் காலி செய்தால் பணம் என்கிறது ஆபீஸ், பணம் வந்தால்தானே வேறு வீடு பார்க்க முடியும் என்கிறார் அக்கா. பி.எஃப். சீட்டையும் மனு நகல்களையும் மஞ்சப்பையில் சுருட்டி, அரிசி டின்னுக்கு மேலே வைத்திருக்கிறார். கொழுந்து கிள்ளிய விரல் இடுக்கில் கறை இன்னும் போகவில்லை.

பணிக்கொடையை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு வருஷ வேலைக்கு 15 நாள் கூலி. 30 வருஷம் என்றால் 450 நாள் கூலி. நாள் கூலி 450 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,02,500 ரூபாய். கம்பெனிச் சட்ட விதிகளின்படி ஒரு டைரக்டருக்கு ஒரு கூட்டத்துக்குக் கொடுக்கக்கூடிய அமர்வுப்படியின் உச்சவரம்பு 1 லட்சம். எல்லோரும் அவ்வளவு கொடுக்கிறார்கள் என்று சொல்லவில்லை, உச்சவரம்புதான். ஆனாலும் கணக்கைப் பாருங்கள்: முப்பது வருஷம் அட்டைப்பூச்சிக் கடி வாங்கிக்கொண்டு நின்றவருக்கு வருவது, ஏசி அறையில் இரண்டு கூட்டத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் தொகை.

அதனால் நான் கேட்பது சின்ன விஷயம். ஒரு தொழிலாளியின் பணிக்கொடை 30 நாளைத் தாண்டிப் பாக்கி இருந்தால்கூட, அந்த நிறுவனத்தின் போர்டில் யாருக்கும் அமர்வுப்படி கிடையாது. எம்.டி. பங்களா பராமரிப்பு, புது ஜீப், சென்னை ஓட்டல் கூட்டம் எல்லாம் அந்தப் பாக்கிக்குப் பின்னால் வரிசையில் நிற்கட்டும்.

இப்படிச் செய்தால் நல்ல ஆட்கள் போர்டுக்கு வரமாட்டார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். பாக்கியைத் தீர்த்துவிட்டு வாங்கிக்கொள்ளட்டும், யார் தடுத்தார்கள்? அந்த 1 லட்சத்துக்குள் எவ்வளவு என்று முடிவு செய்வதே போர்டுதான். சட்டத் திருத்தம் வேண்டாம், சட்டசபை கூட வேண்டாம். அடுத்த கூட்டத்தில் பூஜ்யம் என்று ஒரு தீர்மானம் போட்டால் போதும்.