தாத்தாவின் துஷ்ட ஜந்துக்கள்

'துஷ்ட ஜந்து' என்ற பழைய சொல் புலி, பாம்பு போன்ற கொடிய உயிர்களை மட்டுமே குறிக்கும் என்று நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர் அடித்துச் சொல்கிறார். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புக்காரர்கள் ஒப்ப மாட்டார்கள். எங்கள் தாத்தா வாயில் அந்தச் சொல் பெருச்சாளிக்கும் வௌவாலுக்கும்தான் வரும். புலியை அவர் எங்கே கண்டார்? நல்ல பாம்பை ஒருநாளும் அப்படித் திட்டியதில்லை, எலி பிடிக்கிறதே! விளைச்சலில் கைவைப்பதுதான் அவர் கணக்கில் துஷ்டத்தனம்.

சட்டமும் ஏறக்குறையத் தாத்தா கட்சிதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் தீங்கு விலங்குகள் என்று காகம், பழந்தின்னி வௌவால், எலி வகைகளைத்தான் வைத்திருந்தார்கள். 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே போய்விட்டது. ஆனாலும் 62ஆம் பிரிவின்படி மத்திய அரசு குறிப்பிட்ட பகுதிக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு விலங்கை அப்படி அறிவிக்கலாம். உத்தரகண்டில் காட்டுப்பன்றிக்கு முன்பு அந்தப் பட்டம் கிடைத்தது.

வௌவால் பாவம். பழத்தைச் சப்பிவிட்டு முந்திரிக்கொட்டையை மரத்தடியிலேயே போட்டுவிடும், பறிகூலி மிச்சம். தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தோப்பில் போட்டால்தான் தாத்தாவுக்கு ஆத்திரம்.