பிணக்கு முற்றும் முன்னரே பேச வேண்டும்

திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளிக் கரையோர விடுதிகளின் பருவகாலம் சில மாதங்களில் ஓய்ந்துவிடுகிறது. ஆனால், அங்கே ஓர் ஊழியருக்கும் முகாமையாளருக்கும் இடையே மூண்ட பிணக்கு, வேலை நீக்கம் போன்ற வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாயசபைக்குப் போய், அதன் கட்டளையை எதிர்த்து மாகாண மேல் நீதிமன்றத்தில் மேன்முறையீடும் செய்யப்பட்டால், எத்தனை பருவங்கள் கடந்துபோகும் என்று யாராலும் சொல்ல முடியாது. திருகோணமலையின் வேலைத்தளங்களில் இத்தகைய பிணக்குகள் பெருகிவருவதைப் பார்க்கும்போது, இவற்றுள் பல முதல் வாரத்திலேயே பேசித் தீர்த்திருக்கக் கூடியவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் விலைவாசிக்கு ஈடாகச் சம்பளம் உயரவில்லை; பலர் வெளிநாடு போனதால், மூவர் பார்த்த வேலை இருவர் தலையில் விழுந்தது. சேவைக் கட்டணத்தை எப்படிப் பங்கிட்டார்கள், மேலதிக நேரத்தை யார் குறித்துக்கொண்டார்கள் என்ற கேள்விகளுக்கு நேரான பதில் கிடைக்காதபோதுதான் மனக்கசப்பு தொடங்குகிறது. அதற்கு மேல், தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் விளக்கம் கோரும் கடிதத்தைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நீட்டினால், அவர் அதை மிரட்டலாகவே எடுத்துக்கொள்வார். மூவின மக்களும் ஒன்றாக வேலை செய்யும் இந்த ஊரில் இதை அற்ப விடயமாக ஒதுக்குவது பெருந்தவறு.

மத்தியஸ்தம் நமக்குப் புதிதல்ல. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகளில் காணி, கடன் தகராறுகளைப் பேசித் தீர்த்தவர்கள் நம் ஊரில் பலர் இருக்கிறார்கள். தொழிற் பிணக்குகளைச் சமரசப்படுத்தும் அதிகாரம் 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்திலேயே தொழில் ஆணையாளருக்கு உண்டு. ஆனால், பெரும்பாலும் வேலை போன பிறகுதான் நம்மவர்கள் தொழில் திணைக்களத்தின் படியேறுகிறார்கள். கடிதம் எழுதப்படுவதற்கு முன்பே, இரு தரப்பும் ஏற்கும் ஒருவர் முன்னிலையில், ஊழியரின் மொழியில் பேச்சு நடக்க வேண்டும். அந்த நடுவர் முகாமையாளரின் உறவினராகவோ முதலாளியின் நண்பராகவோ இருந்தால் அது மத்தியஸ்தமே அல்ல.

இரண்டு விடயங்களில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டிய, சம்பளத்தின் 12 சதவீதம் பேரம் பேசுவதற்குரிய பொருளல்ல. சமாதானத்தின் பெயரால் அதைக் குறைக்கச் சொல்லும் எவரும் நடுவர் ஆகார். மற்றையது, வேலை நீக்கப்பட்டவர் ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாயசபையில் விண்ணப்பிக்க வேண்டும். "பேசிக்கொண்டுதானே இருக்கிறோம்" என்ற வார்த்தையை நம்பி அந்தக் காலத்தை இழந்துவிடாமல், பேச்சு தொடங்கும் நாளிலேயே அந்தப் பேச்சு முடிய வேண்டிய திகதியையும் எழுத்தில் குறித்து, இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும்.