ரயிலில் ஏறியது துப்பாக்கிக்குப் பயந்தா?
கௌபாய் படங்களில் கொள்ளைக்காரனுக்குத் தன்னைக் காவல் காப்பவன்மேல் மரியாதை வருவது துப்பாக்கித் திறமையைப் பார்த்துத்தான் என்று ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை. 1957-இல் வந்த '3:10 டு யூமா' படத்தில் காவல் காக்கும் டான் எவன்ஸ் ஷெரீஃப்கூட இல்லை. வறட்சியில் நொடிந்துபோய் 200 டாலருக்காகக் காவலுக்கு வந்த மாட்டுப்பண்ணைக்காரன். ரயிலுக்குக் காத்திருக்கும் ஓட்டல் அறையில் கைதியான கொள்ளைக்காரன் பென் வேட் அதைப்போலப் பல மடங்கு தருவதாக ஆசை காட்டுகிறான். டானுக்கு வியர்க்கிறது, சபலம் தட்டுகிறது, ஆனாலும் மசியவில்லை. அப்புறம் கைதியைக் கொல்ல உள்ளே பாய்ந்தவனையும் டான்தான் தடுக்கிறான். அந்தக் கடனுக்காகத்தான் வேட் தானாகவே யூமா சிறைக்குப் போகும் ரயிலில் ஏறுகிறான். சரி, அந்தச் சிறையிலிருந்து அவன் ஏற்கெனவே தப்பியவன் என்பது வேறு விஷயம்! 2007 மறு ஆக்கத்தில் டானைச் சாகடித்தது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பழையதில் கடைசியில் பெய்யும் அந்த மழையே போதும்.