சத்தம் முதலில் வந்ததா, வீடு முதலில் வந்ததா?

நகரத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பழைய தொழிற்பகுதிகள் மாறுவதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே, புதிதாகக் குடிவந்த இளைஞர்களையும் ஓவியர்களையும் திட்டித் தீர்ப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு வட்டாரத்தின் குணத்தை மாற்றுவது, எங்கே வீடு, எங்கே தொழில் என்று தீர்மானிக்கும் நில உபயோக விதி. குடிவருகிறவர்கள் அதன் பின்னால்தான் வருகிறார்கள். சில சமயம் முன்னாலேயே திருட்டுத்தனமாக வந்துவிடுவார்கள், அது வேறு கதை.

நியூயார்க்கின் சோஹோ அப்படித்தான். ஆலைகள் காலி செய்த மாடிகளில் ஓவியர்கள் அனுமதியில்லாமல் குடியிருந்தார்கள். 1971-இல் நகராட்சி, சான்றிதழ் பெற்ற கலைஞர்கள் மட்டும் அங்கே வசிக்கலாம் என்று விதியைத் திருத்தியது. இன்று அங்கே வாடகை கொடுக்க எந்த ஓவியரால் முடியும்?

வசதியானவர்கள் குடிவர, எளியவர்கள் வெளியேற நேரும் இந்த மாற்றத்துக்கு ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்று 1964-இல் பெயர் வைத்தவர் சமூகவியலாளர் ரூத் கிளாஸ். லண்டனின் தொழிலாளர் குடியிருப்புகளைப் பார்த்து வைத்த பெயர். அதனாலோ என்னவோ, இன்றுவரை எல்லோரும் வீட்டைப் பற்றியே பேசுகிறோம், பட்டறையைப் பற்றிப் பேசுவதில்லை.

பட்டறை தனியாகப் பிழைக்காது. லேத்துக்காரர் கடைந்து கொடுப்பதற்குப் பக்கத்துச் சந்தில் முலாம் பூச வேண்டும், எதிர்ச்சாரியில் வெல்டிங் வைக்க வேண்டும். காலையில் உடைந்த பாகம் சாயங்காலத்துக்குள் தயாராவது இந்த நெருக்கத்தால்தான். நாற்பது கிலோமீட்டர் தள்ளி மாற்று இடம் கொடுத்தால் இயந்திரம் போகும், அந்த நெருக்கம் போகாது. அப்புறம், நடந்தே வேலைக்கு வந்தவர் என்ன செய்வார்?

விதி என்ன செய்யும் என்பதற்கு உதாரணம் மும்பையின் பஞ்சாலைப் பகுதியான கிரண்காவ், அதாவது ‘ஆலைகளின் கிராமம்’. 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பல ஆலைகள் அதிலிருந்து மீளவே இல்லை. 1991-இல் வந்த விதி நியாயமாகத்தான் இருந்தது: ஆலை நிலத்தை விற்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, மீதி முதலாளிக்கு. 2001-இல் ஒரு சின்னத் திருத்தம். கட்டடம் நின்ற இடத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், காலியாகக் கிடக்கும் நிலத்தை மட்டும் பங்கு பிரித்தால் போதும் என்றார்கள். ஆலை வளாகத்தில் காலி நிலம் எவ்வளவு இருக்கும், சொல்லுங்கள்? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2006-இல் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பானது. ஊருக்கு வர வேண்டிய பூங்காவும் வீடுகளும் ஒரு சொல்லில் சுருங்கின. பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று பெரிய வணிக வளாகம். புகைபோக்கியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்ள வசதியாக.

சரி, மிச்சமிருக்கும் பட்டறைகளாவது பிழைக்குமா என்றால், அங்கேதான் சத்தம் வருகிறது. ஆலைப் பகுதி என்று தெரிந்தே பக்கத்தில் வீடு வாங்குகிறவர், மூன்றாம் மாதம் இரைச்சல் என்று புகார் கொடுப்பார். ஐம்பது வருடமாக ஓடிய லேத்து திடீரெனக் குற்றவாளியாகிவிடும். இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கையில் 2018-இல் இதற்கு ஒரு வழி சேர்த்தார்கள்: ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்கு அருகில் புதிதாகக் கட்டுகிறவர்தான் இரைச்சல் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடும் செலவு கட்டுகிறவருடையது, லேத்துக்காரருடையது அல்ல. நம் நகரங்களின் விதிப் புத்தகத்திலும் இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லித்தான் நான் கேட்கிறேன்.