வாரண்ட் இல்லாமல் வரலாம், காரணம் எழுதாமல் வரக் கூடாது

பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் அலறுகிறாள். வாசலில் நிற்கும் காவலர் வாரண்ட் வாங்கிக்கொண்டு வரட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கதவை உடைத்தாவது உள்ளே போகத்தான் வேண்டும். அந்த அவசரத்தோடு எனக்குச் சண்டை இல்லை. முதலில் புகுந்து பீரோவைக் கவிழ்த்துவிட்டு, புகுந்ததற்கான காரணத்தை மறுநாள் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளும் வழக்கம்தான் என்னைக் கொதிக்க வைக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பழைய சட்டத்தில் இது 165. விசாரணைக்குத் தேவையான பொருள் ஓரிடத்தில் இருக்கிறது, வாரண்டுக்குக் காத்திருந்தால் காலதாமதமாகிவிடும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் அதிகாரி தாமே சோதனையிடலாம். ஆனால் அந்தக் காரணத்தையும், முடிந்தவரை தேடும் பொருள் எது என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் பதிய வேண்டும். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவருக்குப் போக வேண்டும். சோதனையை வீடியோவில் பதிவு செய்வதும் இப்போது கட்டாயம்.

அந்த நாலு வரி எழுத்து ஏன் இத்தனை முக்கியம்? தேடுவது திருட்டு டிராக்டர் என்று எழுதியவர் சமையலறை டப்பாக்களைக் கொட்டிப் பார்க்க முடியாது. எதையும் எழுதாதவருக்கு எல்லா அறையும் திறந்த வீடுதான். கட்டில் மேல் குவித்த துணிகளுக்கு நடுவே வயதான தாய் நின்றுகொண்டிருப்பார். அக்கம்பக்கத்தாருக்குப் பதிலாக, ஒவ்வொரு வழக்கிலும் கையெழுத்துப் போடும் அதே இரண்டு சாட்சிகள் சோதனையைப் பதிவு செய்யும் மகஜரில் கையெழுத்திடுவார்கள்.

இத்தனைக்கும் பிறகு கிடைத்த பொருள் நீதிமன்றத்தில் செல்லும் என்பதுதான் பெரிய ஓட்டை. சோதனை சட்டத்துக்குப் புறம்பானது என்பதற்காக மட்டும் சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது என்று 1973இல் பூரண் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வருமான வரிச் சோதனை பற்றிய வழக்கு அது. அந்தத் தீர்ப்பு சாய்ந்து நின்றது 1954ஆம் ஆண்டின் எம்.பி. சர்மா தீர்ப்பின் மீது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் சொன்னபோது, சர்மா தீர்ப்பு அந்தரங்க உரிமையை மறுத்த அளவில் செல்லாது என்றும் அறிவித்துவிட்டார்கள். தூணே போன பிறகு மேல்தளம் மட்டும் எப்படி நிற்கிறது? இதை உச்ச நீதிமன்றம் மறுபரிசீலனை செய்தே ஆக வேண்டும்.

குற்றவாளி தப்பிவிடுவானே என்பார்கள். போதைப்பொருள் வழக்குகளில் இந்தக் கவலைக்கு 2009இல் கர்னைல் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு விடை சொல்லிவிட்டது: உண்மையான அவசரத்தில் எழுதுவது சற்றுத் தாமதமாகலாம், அறவே எழுதாமல் விடுவதை ஏற்க முடியாது. இதே அளவுகோல் எல்லாச் சோதனைக்கும் வரட்டும். காரணமே பதிவாகாத சோதனையில் கிடைத்ததை நீதிமன்றம் கையில் தொடக் கூடாது.

அதுவரை நம் கையில் இருப்பதையாவது பயன்படுத்துவோம். சோதனை நடக்கும்போது உடன் இருப்பது வீட்டில் குடியிருப்பவரின் உரிமை. கைப்பற்றிய பொருள்களின் பட்டியலைக் கையெழுத்தோடு கேட்டு வாங்குங்கள். அதிகாரி எழுதிய காரணத்தின் நகலுக்கு நடுவரிடம் மனுப் போடுங்கள். இலவசமாகத் தர வேண்டும் என்று அதே 185ஆவது பிரிவு சொல்கிறது. நகல் அங்கே வந்தே சேரவில்லை என்றால், உங்கள் வழக்கறிஞர் முதலில் பிடிக்க வேண்டிய இடம் அதுதான்.