மைக் பிடித்துச் சொல்லித்தருவதா ஒழுக்கம்?

சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளி வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முழுக்கதையையும் சொல்லப் போவதில்லை. போன ஜென்மத்துப் பாவத்தால்தான் சிலர் ஊனத்தோடு பிறக்கிறார்கள் என்று பிள்ளைகள் முன்னால் வெளியிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர் பேசுகிறார். அந்தப் பள்ளியின் பார்வையில்லாத தமிழாசிரியர் எழுந்து கேட்கிறார், அவரிடமே பேச்சாளர் வாதாடுகிறார்.

அன்று அந்தப் பள்ளியில் ஒழுக்கப் பாடம் நடத்தியவர் அந்தத் தமிழாசிரியர்தான். தப்பு என்று பட்டதை அத்தனை பேர் முன்னால் எழுந்து சொன்னாரே, அதுதான் பாடம்.

‘அந்தப் பேச்சாளர் நல்லதும் பேசினாரே’ என்கிறார்கள். பேசியிருக்கட்டும். ஊன்றுகோலோடு ஒரு பெண் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் அவள் எதை வீட்டுக்குக் கொண்டுபோவாள்?

‘குறள் சொல்லித்தரக் கூடாதா?’ தாராளமாகச் சொல்லித்தாருங்கள். 6 முதல் 12 வரை குறளைப் பாடமாக வைக்கச் சொல்லி 2016-லேயே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ‘பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்’ என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய கையில் சாதிக் கயிறும் இருக்கிறதே! அந்தக் கயிற்றைத் தடை செய்யுங்கள் என்று, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு பரிந்துரைக்க வேண்டி வந்தது. வீட்டில் பெரியவர்கள் கட்டிவிட்டதை செய்யுள் பகுதி அவிழ்த்துவிடாது.

‘அடிக்க விடாததால்தான் பிள்ளைகள் கெட்டார்கள்’ என்பவர்களுக்குப் பதில் சொல்லவே விருப்பமில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் படியுங்கள். அடிப்பதோடு சேர்த்து மனதைப் புண்படுத்துவதையும் அது தடுக்கிறது.

மனதைப் புண்படுத்துவது என்றால் என்ன என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். அக்காவுக்கு மூன்று வயதில் போலியோ. அவள் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் நீதிபோதனை. பெரும்பாலும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். வாங்காத ஒருநாள், முன்வினைக்கு உதாரணமாக முதல் பெஞ்சில் இருந்த அக்காவைக் காட்டினார் நீதிபோதனை ஆசிரியர். வீட்டில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. கல்யாணமாகி, குழந்தை பிறந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்களாம்.

அவள் பத்தாம் வகுப்புக்குப் போனபோது வகுப்பறை மாடியில். கணக்கு வாத்தியார் தலைமையாசிரியரிடம் சண்டை போட்டு வகுப்பையே கீழே மாற்றினார். பையன்கள் பெஞ்சுகளைத் தூக்கி இறக்கினார்கள், அவரும் ஒரு முனையைப் பிடித்தார். அதைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குப் பெஞ்ச் தூக்கியவர்களில் ரெண்டு பேர் இன்றும் தீபாவளிக்கு அக்காவுக்குப் போன் செய்கிறார்கள்.

சரி, பழைய கதையை இப்போது ஏன் இழுக்கிறாய் என்று கேட்பீர்கள். வீடியோ வந்த அன்று ராத்திரி அக்கா பேசினாள். அந்தப் பேச்சாளரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“அந்த சார் கேள்வி கேட்டப்போ, கூட யாராவது எழுந்து நின்னாங்களாடா?”

போனை வைத்தபிறகு தூக்கம் வரவில்லை. எழுத உட்கார்ந்தேன்.